கொம்பும் காலும்

தோட்டப்பாளையத்தில், லாட்ஜுகளுக்கு நடுவே
எங்கள் சமையற்கட்டு.
நோயாளியோடு வந்தவர்கள் கேரியரோடு வந்து நிற்பார்கள்,
வங்காளத்திலிருந்து, சித்தூரிலிருந்து, போளூரிலிருந்து.
ஒன்பதாம் அறைக்கு உப்பு பாதி.
பதினான்குக்கு உப்பே ஆகாது.
அதனால்தான் எழுதி ஒட்டத் தொடங்கினேன்.

என் கையெழுத்து மணிமணியாக இருக்கும்,
பார்த்தவர்கள் சொல்வதுண்டு.
இப்படி எழுதியிருந்தேன்:

இலவம்பாடி முள்ளுக்கத்திரியைச் சுட்டுத் தோலுரித்து மசித்து,
அரை மூடித் தேங்காயைக் கால் கரண்டி சீரகத்தோடு அரைத்து,
கரைத்த புளியில் கொட்டிக் கொதித்ததும் பதினான்காம் அறைக்கு எடுத்துவைத்து,
மீதிக்குக் கடுகு தாளித்து உப்பைப் பார்த்துப் போடவும்.

தயாளன் அந்தத் தாளின் முன் நின்றார்.
பின்னால் பால் பொங்கி வழிந்தது.
சோம்பல் என்று நினைத்தேன்.
மத்தியானம் பதினான்காம் அறையின் கேரியர்
தொடாமல் திரும்பி வந்தது.
கொத்சில் உப்பு.

"எழுத்து ஆடுதான்னு கேக்காதீங்க.
ஸ்கூல்லயும் அதைத்தான் கேட்டாங்க.
ஆடல. நின்ன எடத்துலதான் நிக்குது.
நான்தான் போய்ச் சேர லேட்டாவுது."

மசாலாக் கறை படிந்த விரல்
என் 'கொ'வின் மேல் வந்து நின்றது.
"கொம்பு முன்னாடி நிக்குது,
சத்தம் பின்னாடி வருது. இன்னாத்துக்கு?"
முப்பது வருஷமாகப் படிக்கிறேன்.
பதில் இல்லை.

"அரைன்னு எழுதிட்டு மறுபடி அரைன்னு எழுதியிருக்கீங்க.
ஒண்ணு பாதி, ஒண்ணு மிக்ஸி.
கால்னு வேற கீது.
எழுத்துக்கும் காலு, சீரகத்துக்கும் காலு.
நான் எத்த அளக்கறது?"

அன்று ராத்திரி படம் வரைந்தேன்.
பாதித் தேங்காய், மீசை வைத்த மிளகாய்,
சிவப்பிலும் பச்சையிலும்.
காலையில் பார்த்துச் சிரித்தார்.
"எம் பொண்ணு எல்கேஜி படிக்கிறா.
அவளுக்குக் குடுங்க."

அடுப்பு பற்றவைக்கும் முன்பே
முகம் சுட்டது எனக்கு.

மூன்றாவதை இரண்டு பேருமாக,
வெங்காயச் சருகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து.
அவர் சொல்ல, நான் எழுத.
வெள்ளைத் தாள் வேண்டாம், டியூப் லைட்டில் கூசுகிறது;
பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாள்.
எழுத்து பட்டாணி அளவு.
வரிக்கும் வரிக்கும் நடுவில் இரண்டு விரல்.
அளவெல்லாம் எண்ணில்.
சுட்டு உரித்து மசித்து அரைத்து என்று
கைகோத்து ஓடிக்கொண்டிருந்த வினைகளைப்
பிடித்துப் பிரித்து நிறுத்தினேன்.
கடைசிச் சொல் வரும்வரை மூச்சு விடாத வாக்கியம்,
எனக்கு எவ்வளவு பிடித்த வாக்கியம்.
அறையையும் அடித்து ரூம் என்று போட்டேன்,
காதுக்கு இன்னோர் அரை வேண்டாமென்று.

கத்திரி 6.
சுடு.
ஆறட்டும்.
தோல் உரி.
மசி.

தேங்காய் ½.
சீரகம் ¼ கரண்டி.
மிக்ஸி.

புளித்தண்ணீர் 1 டம்ளர்.
எல்லாம் சேர்.
கொதி வரட்டும்.

நில்.
ரூம் 14: 1 கிண்ணம் தனியே எடு. மூடு. உப்பு 0.

மீதிக்கு:
கடுகு தாளி.
உப்பு ½ கரண்டி.

தண்ணீர் கேன் போட வரும் பையன்
நின்று படித்துவிட்டு,
"நானே செய்வேன் போலக்கீதே" என்றான்.
விடிகாலை ஐந்து மணிக்குக் கண்ணாடி கிடைக்காத நாளில்
நானும் அதைத்தான் படிக்கிறேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார்,
ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணம்.
மூடிய அண்டாவின் மேல்
நான் மறுபடி உப்புப் போட்டுவிடக் கூடாதென்று
பழுப்புத் தாளின் கிழித்த ஓரம்,
கரி பென்சிலில்,
எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு:

உப்பு பேட்டாச்சு

பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
ஒரு கால் குறைவு.
கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு சரி.